கோழி தின்ற தொப்புள்கொடி

காலை பத்து மணி பதினேழு நிமிடம். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, நுண்தராசின் தட்டில் கிடந்த ஒரு வெள்ளித் தாயத்து.

நாகர்கோவிலுக்கு அருகே ஒரு மருத்துவமனையின் ஸ்டெம் செல் ஆய்வகம் அது. பிரசவத்தில் தானமாகப் பெற்ற தொப்புள்கொடிகளிலிருந்து அங்கே செல்களை வளர்க்கிறார்கள். அதைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் தெரியாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த எனக்கு அந்தத் தகுதி முழுமையாக இருந்தது.

அன்று ஆண்டுத் தணிக்கை. சென்னையிலிருந்து வந்த தணிக்கையாளர், மதியத்துக்குள் முடித்துவிட்டுப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் திட்டத்தில் இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வு தொடரும். இல்லையென்றால் அந்தச் செல்களை வளர்க்கும் ஆய்வு மாணவியின் மூன்று வருட உழைப்பு, கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போகும்.

"இது என்ன?" என்றார், தாயத்தைத் தொடாமல்.

"கொடி தந்த அம்மா வெளியில இருக்கா சார்," என்றாள் மாணவி. "எனக்க கூடப் படிச்சவ. மிச்சக் கொடியில ஒரு துண்டு கேக்கா. நான் குடுக்கல்ல. தாயத்துல எவ்வளவு கொள்ளும்னு மட்டும் பார்த்தேன்."

மறுப்பும் கொள்ளளவும் ஒரே மூச்சில் வந்தன.

நாங்கள் வெளியே வந்தபோது, கைக்குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள் அந்தத் தாய். குழந்தையின் வயிற்றிலிருந்து காய்ந்து விழும் கொடித்துண்டைத் தாயத்தில் அடைத்து அரையில் கட்டுவது இங்கே வழக்கம். அந்தத் துண்டு எங்கே என்று தணிக்கையாளர் கேட்டார்.

"முற்றத்துல காய வச்சேன் சார். கோழி கொத்தீட்டுப் போச்சு."

"கோழியா?"

"மாமிக்க கோழி. முட்டையிடுத கோழியாக்கும், அறுக்கவும் விடமாட்டா."

தணிக்கையாளர் பேனாவை எடுத்து, படிவத்தைப் பார்த்துவிட்டு மூடினார். "பதப்படுத்தாத திசு வெளியே போகக் கூடாதும்மா," என்றார்.

அவள் மாணவியின் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, தந்தது நான்தானே? எப்பம் வேணும்னாலும் சம்மதம் இல்லைன்னு சொல்லலாம்னு நீதானே வாசிச்சுக் காட்டுன? இந்தா, சொல்லப்போறேன்."

மாணவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆய்வகத்தில் உயிரோடு மிஞ்சியிருந்தவை இந்தத் தாய் தந்த கொடியிலிருந்து வளர்ந்த செல்கள் மட்டுமே. சம்மதத்தை அவள் திரும்பப் பெற்றால் அத்தனையையும் அழிக்க வேண்டும். துண்டைக் கொடுத்தாலோ பாதுகாப்பு மீறல்.

தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தால் கிருமி இருக்காது. பிறகு கொடுக்கலாம்."

"அது என்னது?"

"பெரிய குக்கருட்டீ," என்றாள் மாணவி.

"வெந்தா பலன் போயிராதா?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே பொதுமக்களின் பிரதிநிதி.

"பச்சை இலைக்கா, காய்ச்சின கஷாயத்துக்கா, எதுக்கு பலன் கூடுதல்?" என்று கேட்டேன்.

"கஷாயத்துக்கு."

"பின்னே என்ன?"

நிரூபிக்கப்படாத பலனைச் சொல்லி யாரையும் இணங்க வைக்கக் கூடாது. அதைக் கண்காணிக்கத்தான் எங்கள் குழுவே இருக்கிறது. தணிக்கையாளர் வராந்தாவுக்கு வெளியே தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் சரி," என்றாள் அவள். "எனக்குச் சம்மதம்தான். செல்லு கில்லு எல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க."

நகக்கண் அளவு துண்டு ஒன்று நூற்று இருபத்தொரு டிகிரியில் வெந்து, உலர்ந்து, தாயத்துக்குள் போனது. அவள் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். தணிக்கையாளர் இரண்டு குறைகளை எழுதினார்: தராசில் ஆய்வுக்குத் தொடர்பில்லாத பொருள், கொடையாளர் ஆய்வு மாணவிக்கு முன்பே தெரிந்தவர். கோழியைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மாணவி கேட்டிருந்தது ஓராண்டு அனுமதி. கிடைத்தது ஆறு மாதம்.