ஒரு சொட்டு நீலம் கூடுதலாக

என் அக்கா வீட்டுக்காரர் சலவைக்கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் பளிச். வெள்ளைத் துணியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், கேட்பவர் தன் சட்டைக் காலரை மெல்ல மறைத்துக்கொள்வார். அத்தானுக்கு எதிலும் ஒரே வழிதான்: போகாத கறைக்கு இன்னொரு மூடி மருந்து.

போன வருடம் அவருடைய இதயம் தாளம் தப்பி அடிக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், தலையைத் தூக்காமலே, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். படபடப்பு உடனே அடங்கவில்லை. அத்தான் சும்மா இருப்பாரா? ராத்திரிக்கும் ஒன்று போட்டுக்கொண்டார், யாரிடமும் சொல்லாமல்.

சில வாரங்களில் உலகம் மஞ்சளாயிற்று. சட்டை மஞ்சள், போர்வை மஞ்சள், குளியலறைச் சுவர் மஞ்சள். கோளாறு தன்னிடம் இருக்கலாம் என்று நினைக்கும் பழக்கம் அத்தானுக்கு எப்போதுமே கிடையாது. சோப்புத்தூளில் கலப்படம் என்றார். கடைசியில் அக்காவுக்கு அலசத் தெரியவில்லை என்றார். சாப்பாடும் இறங்கவில்லை. அதற்கும் திட்டு அக்காவுக்குத்தான். மஞ்சளை அடக்க, அலசும் தண்ணீரில் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் கண்ணுக்கு மட்டும் துணிகள் பால்போல் வெளுத்தன. நீலமாக இருக்கிறதே என்று முனகிய வாடிக்கையாளர்களைக் கண் டாக்டரிடம் போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரித் துணியும் அத்தான் கடைக்குத்தான் வரும். ஒரு நாள் பெரிய டாக்டரே வந்து நின்றார், வானநீலக் கோட்டில்.

"இதுதான் வெள்ளையாய்யா? லிஃப்ட் ரிப்பேர் பண்ண எப்ப வருவீங்கன்னு என்னையே கேக்கறாங்க."

எதிரில் நிற்பவர் தன் நோயாளி என்பதே அவருக்கு நினைவில்லை. அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோட்டு நல்லாத்தான் இருக்கு சார். உங்க மூஞ்சிதான் மஞ்சளா இருக்கு. மொதல்ல உங்க ஈரலைக் காட்டுங்க."

டாக்டர் அப்போதுதான் அத்தானின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தினம் எத்தனை என்று கேட்டார். ஒன்றுதான் என்றார் அத்தான். அக்கா உள்ளே போய்க் காலி மாத்திரை அட்டைகளை அள்ளிவந்து மேஜைமேல் கொட்டினாள்.

"என்கிட்டயும் ஒண்ணுன்னுதான் சொன்னாரு. குப்பைக்கூடைக்குப் பொய் சொல்லத் தெரியல, டாக்டர்."

அளவு மீறிய மருந்து உடம்பில் விஷமாகச் சேர்ந்துவிட்டது, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவதும் அதனால்தான், இன்னும் கொஞ்சம் விட்டால் இதயமே நின்றிருக்கும் என்று அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போர்த்தியது அவர் கடையில் வெளுத்த போர்வை. பார்வை தெளியத் தெளிய, வெள்ளையாக இருந்த அந்தப் போர்வை நாளுக்கு நாள் நீலமாகிக்கொண்டே வந்தது. அத்தான் அதை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"யாரு வெளுத்தது இது?"

"நீங்கதான்."

"எல்லாமே இப்படியா?"

"எல்லாமே."

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அக்கா போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துச் செருகிவிட்டாள், கொஞ்சம் அழுத்தியே.