ஆடி மாதத்து அனுமதிச் சீட்டு

மாத்தளை நகர எல்லைக்குள் யார் வீடு கட்டினாலும், அது ஓரறை மண்வீடாக இருந்தாலும், எங்கள் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத குடிசையை ஓவசியர் ஆள் வைத்துப் பிரித்துவிடுவார். அந்தச் சீட்டுகளை எழுதிக் கொடுக்கும் கிளார்க்காக நான் இருந்தேன். இங்கிலீஷ் படிப்பு உண்டு, இள வயது. என்னைப் பற்றி எனக்கே பெரிய எண்ணம்.

எங்கள் வெள்ளைக்காரத் துரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டிக்கு அறிக்கை அனுப்புவார். சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அதில் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் விசாரித்தால் வியாபாரிகள் எந்தக் காலத்திலும் நஷ்டம் என்பார்கள். ஒரு நாள் நான் ஒரு வழி சொன்னேன். ஒரு குடும்பம் தனக்கென்று வீடு கட்டினால் அதன் கையில் ஏதோ மிஞ்சுகிறது, அது அடுத்த வருஷத்தையும் நம்புகிறது. ஆகவே குடும்ப வீடுகளுக்குக் கொடுத்த சீட்டுகளைத் தனியே எண்ணிப் பார்த்தால் ஊரின் நிலை தெரிந்துவிடும் என்றேன். துரை என்னை உட்காரச் சொன்னார். அதுவரை எங்கள் அலுவலகத்தில் எந்தத் தமிழனும் அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சில வருஷங்கள் அந்தக் கணக்குப் பொய் சொல்லவில்லை. கொக்கோவுக்கு விலை இருந்தபோது சீட்டுகள் ஏறின, இல்லாதபோது இறங்கின. ஆடியில் மட்டும் எப்போதும் வெறுமைதான். எங்கள் சனங்கள் ஆடியில் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள்.

பிறகு தேயிலை விலையும் ரப்பர் விலையும் விழுந்தன. அந்த ஆடியில் சீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவன் மலைத்தோட்டத்து ஆள், என் வயதுதான். அவன் மனைவி நிறைமாதமாய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“ஏம்ப்பா, ஆடியில வீடு கட்ட வந்திருக்க? நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரனா?” என்று சிரித்தேன்.

“மாரியாத்தா புள்ளதாங்க, கிளாக்கரய்யா. தோட்டத்துத் தொர ஆடி ஆவணி பாத்தா எங்கள வேலையவுட்டு நிப்பாட்டுனாரு? நாங்க குடியிருந்த லயத்துக் காம்பராவையும் பூட்டிட்டாங்க.”

“ஊருக்குக் கப்பல் ஏறிப் போறதுதானே?”

“எந்த ஊருக்குங்க? நான் பொறந்ததே அந்தக் காம்பராவுலதான். ஆத்தோரமா ஒரு முஸ்லிம் நானா, அவரு கொக்கோ தோட்டத்துல எடம் குடுத்திருக்காரு.”

“அய்யாவ வெரசா எழுதச் சொல்லுங்க,” என்று அவள் சுவரோரமிருந்தே குரல் கொடுத்தாள். “வயித்துல இருக்கறது ஆடி முடியற வரைக்கும் பொறுக்காது.”

அவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் தோட்டங்களிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள். இருந்த கூரை போனதால் கூரை தேடியவர்கள். இதை ஒவ்வொருவர் வாயாலும் கேட்டேன். ஆனால் அறிக்கைக்கு எண்ணியபோது சீட்டுகள் முந்தைய வருஷங்களைத் தாண்டி நின்றன. என் கணக்கு இந்த முறை தலைகீழாகச் சொல்கிறது என்று துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். ‘வழக்கமாக வீடு கட்டாத மாதத்திலும் இவ்வூரார் வீடு கட்டுகிறார்கள், நகரம் செழிக்கிறது’ என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். துரை மகிழ்ந்தார். அவருக்கு ஆடி என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. ஆற்றோரக் குடிசைகளில் அரிசி இல்லை. மற்ற ஊர்களில் அரசாங்கம் கஞ்சித்தொட்டி திறந்தது. எங்கள் ஊருக்கும் வேண்டுமென்று கோயில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் சேர்ந்து வந்து கேட்டார்கள். துரை சொன்ன பதிலை நான்தான் தமிழில் சொன்னேன்: இத்தனை பேர் வீடு கட்டுகிற ஊருக்குக் கஞ்சி எதற்கு?

வந்தவர்களில் ஆற்றோரத்தில் இடம் கொடுத்த அந்த நானாவும் இருந்தார். “வீடாம் வீடு! மேல ஓல, கீழ சேறு. தொரைய ஒருக்கா ஆத்தடிக்கு வந்து பாக்கச் சொல்லுங்க, தம்பி,” என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மார்கழியில், ஆடியில் முதலில் வந்த அந்தத் தோட்டத்து ஆள் மறுபடி வந்தான், தனியாக. சீட்டை என் மேசையில் வைத்தான்.

“இத வேற யாருக்காவது மாத்திக் குடுத்திருங்கய்யா. எனக்கு வீடு வேணாம்.”

“பிள்ளை?” என்றேன்.

“பொறந்தது பொம்பளப் புள்ளைங்க. தாய், புள்ள ரெண்டு பேரையும் காய்ச்சல் கொண்டுபோயிருச்சு. வெறும் வயித்துல வந்த காய்ச்சலுங்க. எப்படித் தாங்குவா?”

சீட்டு ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாறாது என்றேன். விதி அதுதான். அவன் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சரிங்கய்யா” என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

காலியான வீட்டைக் கணக்கிலிருந்து கழிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வருஷக் கடைசி அறிக்கையையும் நான்தான் எழுதினேன், துரையின் எதிரில், அதே நாற்காலியில் உட்கார்ந்து. அதில் அவன் வீடும் இருந்தது.