பரணில் எரியும் பச்சை விளக்கு

திருச்சியில் ஒரு கல்லூரியில் வைஃபை பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. விடுதி மாடியில் சிக்னல் வரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், எவனோ பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி வைத்துவிட்டான் என்றாலும் என்னைத்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். "மேடம், நெட் போயிடுச்சு" என்று ஒருவர் வந்து நின்றால், எங்கே போயிற்று என்று அவரையே தேடிவர அனுப்பலாமா என்று தோன்றும். ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், ஒழுங்காகத் தேடினால் கிடைக்கும் என்று நம்பினேன்.

அம்மா லால்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ரிட்டயர் ஆகும்வரை தினமும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் காலை பாசஞ்சரைப் பிடித்து, கொள்ளிடத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் திரும்பி வருவாள். எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பதே அதனால்தான். பிறகு மறதி வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. அப்பா செத்துப்போனது மறந்தது, ஸ்பூனை எப்படிப் பிடிப்பது என்பது மறந்தது, பல நாட்களில் நான் யார் என்பதும் மறந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. பல நாள் காலையில் குடை, கைப்பை, காலி டிபன் டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நான் எட்டரைக்கு பஸ் ஏறியாக வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இன்னொரு வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் வருவார். இடையில் அம்மா தனியாக இருப்பாள். ஒரு முறை வெளியே பூட்டிவிட்டுப் போனேன். அந்த அக்கா வந்து திறந்தபோது அம்மாவின் உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன. ஒரு நகம் பெயர்ந்து கதவெல்லாம் ரத்தம். இனி என் தாயைப் பூட்டி வைக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடமும் போனில் சொன்னேன். "பின்ன என்னதான் பண்ணுவ?" என்றான்.

எனக்குத் தெரிந்ததைப் பண்ணினேன். வாசல் கதவில் சின்னதாக ஒரு சென்சார் ஒட்டினேன். கதவு திறந்தால் அது வைஃபை வழியாகச் சேதி அனுப்பும், என் கைப்பையில் போன் அலறும். ஹாலில் பரணுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கேமரா. அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தால் யாரோ பார்க்கிறார்கள் என்று அம்மா பயப்படுவாள் என்று செட்டிங்கில் போய் அந்த விளக்கை அணைத்துவிட்டேன். போன் அலறியதும் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவைக் கூப்பிடுவேன். அவர் எழுந்துபோய் எங்கள் அம்மாவை மறிப்பார்.

"டீச்சரம்மா, டிரெயின் லேட்டாம். வீட்ல போய் உட்காருங்க, வந்தா நானே சத்தம் குடுக்கறேன்."

அந்தப் பொய்யை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்தது. அம்மா மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவாள். ஆயுசெல்லாம் பாசஞ்சரில் போனவளுக்கு டிரெயின் லேட் என்பது நம்ப முடியாத செய்தியா என்ன? சில மாதங்கள் இப்படியே ஓடின. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை. ரூட்டர் என் அறையில் இருந்தது, எங்கள் வீட்டுச் சுவர்கள் தடிமன். கேமரா படம் விக்கி விக்கி வந்தது. ரூட்டரை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். எனவே அதை ஹாலுக்குக் கொண்டுவந்து சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்தேன். படம் கண்ணாடி மாதிரி தெளிவானது.

அந்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. காலை நேரத்தில் வீட்டு நெட் போய்விடும், பத்து மணிவாக்கில் தானாக வந்துவிடும். தினமும் இல்லை, சில நாள் மட்டும். வெளிநாட்டில் ராத்திரி தூங்காமல் கிடக்கும் தம்பி "அக்கா, கேமரா மறுபடி ஆஃப்லைன்" என்று செய்தி அனுப்புவான். கதவு திறந்த சேதி எனக்கு வரவே வராது. அந்த நாட்களில் பூக்கார அம்மா தற்செயலாகப் பார்த்து மறித்ததால் தப்பித்தோம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுபவை. எல்லா வீட்டு வைஃபையும் ஒரே சேனலில் முட்டி மோதிக்கொள்கின்றன என்று நினைத்துச் சேனலை மாற்றினேன். ரூமுக்கு வந்த எவனோ நம் நெட்டுக்குள் புகுந்து விளையாடுகிறான் என்று சந்தேகப்பட்டு, பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, எங்கள் வீட்டுக் கருவிகளைத் தவிர வேறெதுவும் உள்ளே வர முடியாதபடி அமைத்தேன். நெட் கம்பெனிக்காரனிடம் போனில் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரூட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தேன். அன்று காலை பத்து மணியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் சிக்னல் கோளாறு இல்லை, கரண்டே நின்றிருக்கிறது. காலையில் கரண்ட் கட் என்று முடிவுகட்டி, ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். தெருவில் கரண்ட் போனதா என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

பேட்டரி மாட்டிய சில நாட்களில் மறுபடி நெட் போயிற்று. அன்றைக்குப் பூக்கார அம்மா ஒரு கல்யாண வீட்டுக்கு மாலை கொடுக்கப் போயிருந்தார். அம்மா ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். வண்டி போய்விட்டிருந்தது. பிளாட்பாரம் முடியும் இடத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே லால்குடிப் பக்கமாக நடந்திருக்கிறாள். கொள்ளிடம் பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனவளை லைன் பார்க்கிற ரயில்வே ஆட்கள் இருவர் பிடித்து நிறுத்தினார்கள். கைப்பைக்குள் நான் எழுதி வைத்திருந்த நம்பருக்கு அழைத்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஜல்லி மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் கிழிந்திருந்தது. ஒரு கால் செருப்பு இல்லை. முக்கொம்பு அணையில் திறந்துவிட்ட தண்ணீர் கீழே கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா எக்ஸ்பிரஸ் வந்திருக்கும்ங்க" என்றார் அவர்களில் ஒருவர். "வயசானவங்கள இப்படியா விடுவீங்க?"

அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். அன்று தம்பி போனில் கத்தினான். "ஊருக்கெல்லாம் நெட் சரி பண்றே, நம்ம வீட்ல ஒண்ணு ஒழுங்கா ஓட மாட்டேங்குது. இதானே உன் வேலை?" அவன் சொன்னது எனக்கு வலித்தது, நியாயமாக இருந்ததால் இன்னும் வலித்தது.

அழுது முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. நெட் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். நான் எப்போதும் போனிலேயே பார்ப்பதால் அதைத் தொட்டதே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி கார்டை எடுத்து, அன்றைய காலையை ஓட்டிப் பார்த்தேன்.

அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்கு வருகிறாள். ஃபேனை அணைக்கிறாள். டியூப்லைட்டை அணைக்கிறாள். அடுப்படிக்குள் போய், கேஸைத்தான் மூடியிருப்பாள், திரும்பி வருகிறாள். குடையைக் கையில் எடுத்தவள் ரூட்டரின் பச்சை விளக்கைப் பார்த்து நிற்கிறாள். சுவிட்சை அணைக்கிறாள். பேட்டரி இருப்பதால் விளக்கு அணையவில்லை. யோசிக்கிறாள். குடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, வயரை விரலால் தடவிக்கொண்டே போய், பேட்டரிப் பெட்டியின் பின்னால் இருக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்துகிறாள். விளக்கு அணைகிறது. தலையை லேசாக ஆட்டிக்கொள்கிறாள். கரும்பலகையில் கணக்கு முடிந்ததும் அப்படித்தான் ஆட்டுவாள் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போகிறாள்.

சின்ன வயதில் நாங்கள் ஃபேனைப் போட்டது போட்டபடி வெளியே வந்தால், "கரண்ட் என்ன சும்மாவா வருது?" என்று தெரு வரைக்கும் வந்து திட்டுவாள். எல்லாவற்றையும் அணைக்காமல் அவள் ஒரு நாளும் வீட்டை விட்டு இறங்கியதில்லை. யார் யாரையோ வெளியே நிறுத்த நான் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு நெட் தானாக வந்த மர்மமும் தீர்ந்தது. அந்த அக்காவைக் கேட்டேன். "நான் வந்ததும் எல்லா சுவிட்சையும் போடுவேன்ங்க. நீங்கதான் அணைச்சுட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரூட்டரைப் பரண் மேல் ஏற்றினேன். சுவிட்ச் இல்லாமல் நேரடி வயர், பேட்டரியும் மேலேயே. அம்மாவுக்கு எட்டுவது ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு நெட் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், போனும் அலறவில்லை. கதவு திறக்கவே இல்லை. போன் அலறாததால் கேமராவைத் திறந்து பார்க்க எனக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. அம்மாவுக்குப் பள்ளிக்கூடமும் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று தம்பியிடம் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது.

பிறகு ஒரு காலை அந்த அக்கா கல்லூரிக்கே போன் செய்தார். "அம்மாவுக்குக் காலெல்லாம் வீங்கிக் கெடக்குதுங்க. நான் வரும்போது தினம் நின்னுக்கிட்டே இருக்காங்க. நான் வந்தும் உட்கார மாட்டேங்கறாங்க."

கேமராவைத் திறந்து பார்த்தேன். அம்மா குடையும் கைப்பையும் டிபன் டப்பாவுமாகப் பரணுக்கு அடியில் நின்றிருந்தாள். தலையை அண்ணாந்து பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்போதும் அங்கேயேதான் நின்றாள்.

"ஏங்க, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சு விடறீங்களா? எனக்கு எட்டல" என்றாள் என்னிடம். "முதல் பெல் அடிச்சிருக்கும்."

பூக்கார அம்மாவின் பொய்தான் வாயில் வந்தது. "டிரெயின் லேட்டாம் டீச்சர். உட்காருங்க."

"லேட்டானா என்ன, வந்ததும் ஏறணும்ல. அணைக்காம எப்படிங்க வீட்டை விட்டுப் போறது?"

கேமரா விளக்கை அணைத்ததைப் போல ரூட்டர் விளக்கையும் செட்டிங்கில் அணைத்துவிடலாம். நெட் ஓடும், விளக்கு மட்டும் எரியாது. போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். அந்தப் பக்கத்தைத் திறந்துகூட வைத்தேன். தட்டினால் அவள் வெளியே போய்விடுவாள். போன் அலறும், பூக்கார அம்மா மறிப்பார். மறிக்காத ஒரு நாளும் வரும். கொள்ளிடம் பாலம் என் கண் முன்னால் நின்றது. தம்பியிடம் சொன்னதற்கு, "எரியட்டும் விடு அக்கா, அதைவிட நல்ல பூட்டு கிடைக்காது" என்றான்.

நான் தட்டவில்லை. இப்போது காலையில் கிளம்பும்போது பரணுக்கு அடியில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போகிறேன். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது போனை எடுத்துப் பார்ப்பேன். எல்லாம் இணைப்பில் இருப்பதாகக் காட்டும். அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.