ஐந்து பேருக்கு ஒரு டிக்கெட்

எங்கள் வீட்டில் ஐந்து பேரும் சினிமா பார்க்க ஒரு டிக்கெட் போதும். ஆக்லாந்தில் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. ஒருவர் மட்டும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்களை உட்காரவைத்து, சண்டை, பாட்டு, சிரிப்பு எதையும் விடாமல் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அடுத்த படத்துக்கு அடுத்த ஆள்.

ஒரேயடியாக இந்த நிலைக்கு வந்துவிடவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் குடும்பத்தோடுதான் போனோம். தமிழ்ப் படம் சனி, ஞாயிறில் மட்டும் ஓடும். டிக்கெட்டும் ஆங்கிலப் படத்தைவிட அதிகம். விலை ஏற ஏற முதலில் பாப்கார்ன் நின்றது. பிறகு அம்மாவின் கைப்பைக்குள் வறுத்த வேர்க்கடலை வந்தது. பிறகு இரண்டு இரண்டு பேராகப் போனோம். எப்சமில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று எங்களுக்காகப் பிடித்த சின்ன வீட்டின் வாடகையும் ஏறியதும், இனி ஒருவர்தான் என்று ஆகிவிட்டது. அப்பா ஒருநாளும் இதைச் சிக்கனம் என்று ஒப்புக்கொண்டதில்லை. "படத்தை யாரு வேணா பாக்கலாம். பாத்ததைச் சொல்லத் தெரியணும்ல" என்பார்.

சொல்லத் தெரியாதவர் அவர்தான். எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. படத்தையும் ஆபீஸ் மீட்டிங் போலவே சொல்லி முடிப்பார். ஒரு பிரச்சினை வந்தது, தீர்ந்தது, அவ்வளவுதான். அக்கா போய்வந்தால் கதாநாயகி கட்டியதும் போட்டதும் ஒன்றுவிடாமல் வரும். யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்பதை நாங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டும். தம்பி கைக்குழந்தை என்பதால் அவனுக்கு முறை கிடையாது. அம்மா தன் முறை வரும்போதெல்லாம் அதை அக்காவுக்கோ எனக்கோ விட்டுக்கொடுத்துவிடுவாள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்தத் தடவை நானே போறேன்" என்று அம்மா சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுடைய முறையை என்னுடையதாகவே நினைத்துப் பழகியிருந்தேன். அடுத்தது எப்படியும் நான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா அப்போது விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரவு ஷிப்ட். காலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். நாங்கள் பள்ளிக்கூடம் போய்விடுவோம். தம்பியை டேகேரில் விட்டால் அம்மாவின் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும் என்று பகலெல்லாம் அவளே அவனைப் பார்த்துக்கொண்டாள். இதற்கு நடுவில் அவள் எப்போது தூங்கினாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை.

அன்று அம்மா சொன்ன கதையைப் போல ஒரு கதையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கதாநாயகி டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஒருநாள் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் தூங்கிப்போகிறார்கள். எழுப்ப மனசு வராமல் கடைசி நிறுத்தத்தையும் தாண்டி அவள் ஓட்டிக்கொண்டே போகிறாள். விடியும்போது பஸ் ஒரு கடற்கரையில் நிற்கிறது. யாரும் அவளைத் திட்டவில்லை. அப்பாகூடக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை அளந்தபோது ஒரு பெண் உதட்டைப் பிதுக்கினாள். அவள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போய் அதே படத்தைப் பார்த்திருந்தார்கள். அது போலீஸ் படமாம். பஸ் ஒன்று வந்ததாம், ஆனால் வந்த வேகத்தில் வெடித்துவிட்டதாம். எனக்கு மானம் போய்விட்டது.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிடும்போது அம்மாவைப் பிடித்தேன். "அம்மா, யூ மேட் இட் அப். அது போலீஸ் படம்."

அம்மா பொய்யை நீட்டிக்கவில்லை. சிரித்தபடி தம்பிக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள். "லைட்டை அணைச்சாங்க. அம்மான்னு கூப்பிட அங்க ஒருத்தரும் இல்ல. பேர் போடும்போதே கண்ணு சொக்கிடுச்சு. முடிஞ்சப்புறம் கூட்டுற பையன் வந்துதான் எழுப்பினான்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு காசு கொடுத்துப் போய்த் தூங்குவதா? தூக்கம் வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே. இதை நான் சொல்லவும் சொன்னேன். அப்பா மட்டும் சிரிக்காமல் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த ஞாயிறும் அந்தப் படம் இருக்கு. நீயே போயிட்டு வா" என்றார் அம்மாவிடம்.

"என்னங்க இது, அடுத்தது சின்னவ முறையாச்சே."

"அவ அப்புறம் போகட்டும்."

என் முறை என் கண் முன்னாலேயே பறிபோனது. அழுது பார்த்தேன், சாப்பிடமாட்டேன் என்று பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாக என் முதல் சிணுங்கலிலேயே விட்டுக்கொடுத்துவிடும் அம்மாவும் அந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். வீட்டுப்பாடத்தைச் சரியாகச் செய்யாதவளை டீச்சர் திரும்பச் செய்யவைப்பது போல, படத்தைப் பார்க்காமல் ஏமாற்றிய அம்மாவுக்கு அப்பா தண்டனை கொடுத்திருக்கிறார். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

தண்டனை கொடுத்தவரே பின்வரிசையில் சுவரோரமாகப் பார்த்துச் சீட்டைப் பதிவு செய்தார். ஞாயிறு மதியம் அம்மா கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, தடிமனான சால்வையையும் எடுத்துக்கொண்டாள். "முடிஞ்சதும் உடனே எழுந்து வந்துடாத, நான் வெளியில இருக்கேன்" என்று அப்பா சொன்னது வேடிக்கையாக இருந்தது. தண்டனைக்குப் போகிறவள் புதுப்பெண் போலச் சிரித்துக்கொண்டு காரில் ஏறியது அதைவிட வேடிக்கை.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். அம்மாவின் ஒரு பக்கக் கன்னத்தில் சால்வையின் பின்னல் வரிவரியாகப் பதிந்திருந்தது. அன்றைக்குக் கதை கிடையாது என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். நான் விடுவதாக இல்லை. இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பார்த்தாளா என்று கேட்டேன்.

"முழுசா, கண்ணு" என்றாள் அம்மா. "நடுவுல ஒரு தடவைகூட எழுந்திருக்கல."

நான் அப்படியே நம்பினேன். கொடுத்த காசு வீணாகவில்லை என்று எனக்கும் திருப்தியாக இருந்தது.