ஆயிரம் வாட்டுக்கு ஒரு சிவப்புப் பொட்டு

இன்று குண்டசாலை கராஜ் ஒன்றில் ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தேன்!

(பிடித்தேன் என்று நினைத்தேன். பொறுங்கள், சொல்கிறேன்.)

வாடகைக்கு ஓடிய பழைய ஹயர் வேனை வீடு மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். பின்னால் கட்டில், சின்ன அடுப்பு எல்லாம் ரெடி. இல்லாதது கரண்ட் மட்டும்.

என் மனைவி செல்வமணிக்கு வீசிங். மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷின் எங்கே போனாலும் கூடவே வரும். (வீட்டில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை!)

போன முறை திருகோணமலைக்குக் கடல் பார்க்கப் புறப்பட்டோம். வழியில் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஒரு சலூனில் பிளக் கேட்டு, முடி வெட்ட வந்தவர்கள் எல்லாம் பார்த்திருக்க, மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

"இனிமே அடுத்தவங்க செவத்துல பிளக் கேட்டு நிக்க மாட்டேன். வேன்ல மெஷின் ஓடுனா வாறேன். இல்லாட்டி நீங்க மட்டும் போயி கடலைப் பாத்துட்டு வாங்க!"

அதற்காகத்தான் இன்வேர்ட்டர். பெட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி.

கண்டி டவுனில் ஹனிபா நானா கடைக்குப் போனேன். இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தார். ஒன்று இரண்டாயிரம் வாட். மற்றது ஆயிரம் வாட்.

ஆயிரம்தான் விலை கூடவாம்!

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனாலும் இரண்டில் எது பெரிது என்று நாலாம் வகுப்பிலேயே சொல்லித்தந்துவிட்டார்கள்.

"நானா, என்னையப் பாத்தா ஒங்களுக்கு எப்புடித் தெரியுது?"

"மிச்சம் சந்தேகப்படுற ஆள் மாதிரி தெரியுது தம்பி. ரெண்டையும் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். இரண்டாயிரம் வெறும் பிஸ்கட் டின் கனம். ஆயிரம் கையைக் கீழே இழுத்தது.

"பொட்டில நம்பர எவனும் அடிக்கலாம். அந்த மலிவுக் கரண்ட்ல மோட்டர் ஈக்கிற சாமான் கெட்டுப் போகும். நம்பலேண்டா மெஷினக் கொண்டு வாங்க, ஓட்டிக் காட்டுறேன்."

கொண்டுதான் போயிருந்தேன்! (நாங்கள் யார்?)

இரண்டாயிரத்தில் மெஷின் பல்வலிக்காரன் மாதிரி முனகியது. ஆயிரத்தில் வீட்டில் ஓடுவது போலவே ஓடியது. வாங்கிவிட்டேன்.

அதை வேனில் பூட்டியவர் குண்டசாலை கராஜ்காரர் குமார் பாஸ். (எங்கள் பக்கம் மெக்கானிக் எல்லாருமே 'பாஸ்'தான்.) வயரிங் வேலையில் கெட்டிக்காரர். அதுதான் எனக்குப் பயம்! கெட்டிக்காரனுக்குத்தானே சாமானை மாற்றி வைக்கவும் தெரியும்?

"ஏன் பாஸ் வயரை இவ்வளவு கட்டையா வெட்டுறீங்க?"

"வயர் நீண்டா கரண்ட் கொறையும் அண்ணே. பெட்டரிக்குக் கிட்டத்துலதான் பூட்டணும்."

"அப்ப மிஞ்சுன வயரு?"

"ஒங்க கழுத்துல மாலையாப் போட்டு விடுறேன்!"

பெட்டி பின்சீட்டுப் பலகைக்கு அடியில் ஏறியது. ஆனால் லைட் வேலைக்காக வேன் இன்னும் இரண்டு நாள் அவர் கராஜில் நிற்க வேண்டுமாம்.

இரண்டு நாள்! நல்லதைக் கழற்றிவிட்டுப் பழசை வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சட்டைப் பையில் கொண்டு போயிருந்த, செல்வமணி நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூடெக்ஸால் பெட்டி மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு பெட்டி வந்த பொலித்தீனையே அதன்மேல் சுற்றி, டேப் ஒட்டி, கயிறு கட்டி, ஏழு முடிச்சுப் போட்டுப் பலகையை மூடினேன். இனி எவன் கை வைப்பான்?

இன்று வேன் கைக்கு வந்தது. தெல்தெனிய பக்கம், நீர்த்தேக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். செல்வமணி மாஸ்க்கைப் போட்டாள். மெஷின் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

பத்து நிமிடம்கூட இல்லை. பீப்... பீப்... நின்றுவிட்டது.

அவள் மாஸ்க்கைக் கழற்றி மெதுவாகப் பைக்குள் வைத்தாள். திட்டவில்லை. அதுதான் வலித்தது.

"பரவாயில்லங்க. நீங்க போயிட்டு வாங்க."

வேனை நேரே கராஜுக்கு விட்டேன்.

"பாஸ்! பழசை வச்சு ஏமாத்திட்டீங்களே!"

குமார் பாஸ் பலகையைத் தூக்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, இது என்னா? கருவாட்டுப் பொதியா?"

பொலித்தீனைத் தட்டிக் காட்டினார்.

"காத்து போற ஓட்டை எல்லாத்தையும் அடைச்சி வச்சிருக்கீங்க! சூடேறுனா அது தானா நின்னுரும். நல்ல பெட்டிங்கிறதால நின்னுச்சு. இல்லாட்டி பத்தி எரிஞ்சிருக்கும்!"

ஏழு முடிச்சையும் என்னையே அவிழ்க்க வைத்தார். பொலித்தீன் கழன்றது. மூலையில் சிவப்புப் பொட்டு, வைத்தது வைத்தபடி!

செல்வமணி எட்டிப் பார்த்தாள்.

"என் கியூடெக்ஸை மூணு நாளாத் தேடுறேன்! நான் மூச்சு விடத்தானே இதை வாங்குனீங்க? மொதல்ல அதை மூச்சு விட விடுங்க!"

கராஜே சிரித்தது. மெஷினை மறுபடி போட்டோம். மிச்ச மருந்து தீரும்வரை ஓடியது. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் சும்மா ஓட விட்டுப் பார்த்தோம். நிற்கவில்லை.

குமார் பாஸிடம் மன்னிப்புக் கேட்டு பால் போடாத பிளேன்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். (புறப்படும் முன் பொட்டு இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். பழக்கம்!)

வெள்ளிக்கிழமை திருகோணமலை. இரண்டு பேரும்!

வீட்டுக்கு வந்ததும் செல்வமணி செய்த முதல் வேலை, ஆறு வருடமாக டிவி ரிமோட்டில் இருந்த பொலித்தீனைக் கிழித்ததுதான்.

உங்கள் வீட்டில் இன்னும் உறைக்குள்ளே திணறிக்கொண்டிருப்பது எது? உண்மையைச் சொல்லுங்கள், நான் நம்புகிறேனா பார்ப்போம்!