இரண்டு வண்டி, ஒரு ஷெட்

முருகேஸ்வரிக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு பேர்தான் இருந்தது. எட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறாள், ஒரு கீறல் விழுந்ததில்லை என்கிற பேர். காயல்பட்டினத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஆண்களில் பாதிப்பேர் துபாயிலும் தோஹாவிலும் கிடக்க, வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் போய்வர ஒரு பெண் டிரைவர் கிடைத்தால் விடுவார்களா? ஹாஜரா பீவி வீட்டில் அவளுக்கு மாதச் சம்பளம். இடைப்பட்ட நேரத்தில் இன்னும் மூன்று வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கல்லூரியில் விட்டுக் கூட்டி வருவாள். அந்தப் பேர் போனால் ஆறுமுகநேரிக்குத் திரும்பி உப்புப் பாக்கெட் கட்ட வேண்டியதுதான். அந்த வேலையை அவள் ஆறு வருஷம் பார்த்திருக்கிறாள். விட்டு வந்த பிறகு விரலிடுக்குப் புண் ஆறவே ஒரு வருஷம் ஆயிற்று.

ஓட்டக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். உப்பு ஏற்றும் லோடு ஆட்டோவின் டிரைவர் குடித்துவிட்டு மட்டையாகிற நாட்களில் சாவியை இவள் எடுத்துக்கொள்வாள். முதலாளி திட்டினான். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டான். ஆண்கள் வாயை மூடுவதற்கு நல்ல வார்த்தை எதுவும் தேவையில்லை, அவர்கள் காரியம் நடந்தால் போதும் என்று அன்றைக்கே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

ஹாஜரா பீவிக்கு ஒரு மகன், ஒரு மகள். அந்த ஊரில் வீடு மகளுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பான். அதனால் மகன் தமீம், துபாயிலிருந்து வந்தால் தங்குவது இரண்டு தெரு தள்ளி, மனைவி வீட்டில். பிறந்த வீட்டில் அவன் விருந்தாளி. மகள் அஃப்ராவின் புருஷன் அஸ்லம், தோஹாவில் இருப்பவன், லீவில் வந்தால் இந்த வீட்டுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்காருவான். தமீமுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். நான்கு வருஷத்துக்கு முன்னால், வீட்டில்தான் இடமில்லை, ஷெட்டிலாவது நம் பொருள் நிற்கட்டும் என்று உம்மாவுக்குக் கறுப்பில் ஒரு ஜெர்மன் காரை வாங்கி நிறுத்தினான்.

இந்தப் பெருநாளுக்கு அஸ்லம் சும்மா வரவில்லை. வெள்ளையில், ஆள் உயரத்துக்கு ஒரு ஜப்பான் காரைச் சென்னையிலிருந்து வரவழைத்தான். ஷெட்டில் ஒரு வண்டிதான் நிற்கும். மற்றது கடற்காற்றில் காய வேண்டும். மூன்று நாள் அந்த ஷெட்டுக்காக வீடு நாறியது.

"ஒங்க மெத்த வண்டிய வெளிய எடுங்க மச்சான். இருநூறுல போனாலும் என் வண்டி அசையாது" என்றான் தமீம்.

"காயல்பட்டினத்துல இருநூறுல எங்கன போவீங்க? கடலுக்குள்ளயா?" என்றான் அஸ்லம்.

கடைசியில் ஹாஜரா பீவிதான் வழி சொன்னார். "ரெண்டையும் ஓட்டுறவ முருகேஸ்வரி. அவ சொல்லட்டும். எது ஒசத்தியோ அது உள்ள நிக்கட்டும்."

முருகேஸ்வரி மாட்டிக்கொண்டாள். யார் பக்கம் சொன்னாலும் மற்றவன் சும்மா விடமாட்டான். நேரில் இரண்டு பேரையும் ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். மனசுக்குள் இருவருக்கும் வேறு பெயர்கள் இருந்தன, அவற்றை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை வெள்ளை வண்டி. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆத்தூர், முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்த் திரும்பினாள். மதியம் அதே தடத்தில் கறுப்பு. எதிலும் அவள் அவசரப்படவில்லை. ஆற்றுப் பாலத்து வளைவில் ஒரே வேகத்தில் இரண்டையும் திருப்பினாள். ஹார்பர் லாரிகள் உழுதுபோட்ட பைபாஸில் ஒரே பள்ளங்களில் இரண்டையும் இறக்கினாள். லாரியை முந்தும்போது எது எத்தனை நொடியில் முந்துகிறது என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டாள். கதவுகளைச் சாத்திச் சாத்தி ஓசை கேட்டாள். குனிந்து கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். கறுப்பு வண்டியில் விரல் செம்பழுப்பாக வந்தது.

அவளுக்கு அது புதிதில்லை. தமீம் வாங்கிக் கொடுத்த வண்டி என்று ஹாஜரா பீவி ஆசை ஆசையாக தினமும் கழுவச் சொல்வார், அதுவும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில். வாயில் வைத்தால் துப்பத்தான் வேண்டும், அவ்வளவு உப்பு. வண்டியின் அடி அரித்துப்போகும் என்று முருகேஸ்வரி மூன்று முறை துபாய்க்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். 'ஓட்டுறது மட்டும் ஒன் வேல' என்று ஒரே ஒரு பதில் வந்தது.

கறுப்பு வண்டியில் திரும்பி வருகையில், பழையகாயலுக்கு முந்தி உப்பளங்களுக்கு நடுவே சாலையின் வலப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே நிறுத்தச் சொல்லி தமீம் கேட்டான். "இப்ப சொல்லு."

"ஓட்டுத சுகம்னா கறுப்புதான் காக்கா. மிதிச்சவுடனே பாயுது, வளைவுல ரோட்டக் கவ்விப் புடிக்கி. ஸ்டியரிங் கையோட பேசும். வெள்ளையில அந்தப் பேச்சே கெடையாது, கட்டில்ல படுத்துக்கிட்டு ஓட்டுத மாதிரி இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். நா ரெண்டாம் பட்டன அமுக்குனா சீட்டு என் அளவுக்கு வந்து நிக்கும், ஒண்ண அமுக்குனா ஒங்க அளவுக்குப் போவும். ஆள ஞாபகம் வச்சிருக்கு. வெள்ளையில அது இல்ல."

தமீம் மச்சானைப் பார்த்துச் சிரித்தான். முருகேஸ்வரி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா இந்த வண்டி உம்மாவுக்குத்தான? வாரத்துல ரெண்டு நாளு மூட்டு வைத்தியத்துக்குப் போறாவ. கறுப்பு பள்ளத்துல எறங்குனா உம்மா உசுரு போயி உசுரு வருது. இதுல குனிஞ்சு ஏறவும் முடியல. வெள்ளை குலுக்கல. உள்ள கட்டுமானமும் கெட்டி. கறுப்பு அடியில துரு புடிச்சுட்டு, நா அப்பவே சொன்னேன். உம்மாவுக்குன்னா வெள்ளைதான் காக்கா."

அஸ்லம் கைதட்டினான். ஒரே ஒரு தட்டு. அது போதுமானதாக இருந்தது.

"ஏளா, எறங்கு" என்றான் தமீம். "மாட்டு வண்டி ஓட்டுற மாதிரி ஓட்டிட்டு வண்டியக் குத்தம் சொல்லுத. இந்தப் பக்கம் வந்து ஒக்காந்து பாரு."

இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். பின்சீட்டில் அஸ்லம். தமீம் ஒன்றாம் பட்டனை அமுக்கினான். சீட் பணிவாகப் பின்னால் நகர்ந்து அவனுடைய ஆறடிக்கு இடம் கொடுத்தது.

பங்கிலிருந்து காயல்பட்டினத்துக்குப் போக வலது பக்கம் திரும்பவேண்டும். நம் ஊரில் சாலையைக் குறுக்கே கடந்து எதிர் ஓரத்துக்குப் போய்த் திரும்புவோம். வண்டிகள் வலப்பக்கம் ஓடுகிற துபாயில் பதினாறு வருஷம் ஓட்டியவனுக்குக் கோபத்தில் கை அந்த ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விட்டது. பக்கத்து ஓரத்திலேயே ஒடித்துத் திருப்பி ஒரே மிதி மிதித்தான். வண்டி பாய்ந்தது, அவள் சொன்ன அதே பாய்ச்சல். எதிரே உப்பு மூட்டை லாரி.

"காக்கா, எடது! எடது!"

அவன் ஒடிப்பதற்குள் லாரி வலப்பக்கம் முழுவதையும் சீவிக்கொண்டு போனது. முன்சக்கரம் பிய்ந்தது. வண்டி சாலைக்கு இடப்புறம் உப்பளத்து வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. காற்றுப்பைகள் வெடித்து மூன்று பேரும் பிழைத்தார்கள். அஸ்லமுக்கு உதடு மட்டும் கிழிந்தது. லாரிக்காரன் இறங்கி வந்து, இவர்கள் குடும்பத்தில் யாரையும் விட்டுவைக்காமல் திட்டிவிட்டு, தன் வண்டிக்குச் சேதமில்லை என்று தெரிந்ததும் கிளம்பிப் போனான். முருகேஸ்வரிக்குப் பயத்தை விடக் கோபம்தான் அதிகம்.

அன்று சாயங்காலம் ஒரு அதிசயம் நடந்தது. பத்து வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத மச்சான்மார் இருவரும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாகத் தலையாட்டினார்கள். தமீமின் இந்திய லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருஷம். அவன் ஓட்டியதாகத் தெரிந்தால் இன்சூரன்ஸ் கிடையாது. வழக்கென்று ஏதாவது வந்தால் திங்கட்கிழமை துபாய் விமானமும் கிடையாது. ஓட்டியது முருகேஸ்வரி என்று சொல்லிவிடலாம். அஸ்லம் அதைப் பார்த்ததாகச் சொல்வான். பதிலுக்கு ஷெட் இனி அஸ்லமுக்கு. பேரம் எவ்வளவு சுத்தமாக முடிந்தது பாருங்கள்! அவளுடைய எட்டு வருஷத்துக்கு அங்கே ஒருவரும் விலைகூடக் கேட்கவில்லை.

சொல்லும் வேலையை மட்டும் ஹாஜரா பீவியிடம் விட்டார்கள்.

"ஒன்ன எம் புள்ளையாத்தான் நெனச்சிருக்கேன். அவன் பொழப்பு போயிரும்மா. ஆறு மாசச் சம்பளம் வாங்கித் தாரேன். நீதான் ஓட்டுனேன்னு ஒரு வார்த்த சொல்லிரு."

"புள்ளைன்னா இதக் கேப்பியளா உம்மா? அவுகளுக்கு துபாய் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நாளைக்கு ஒருத்தி தன் பொட்டப்புள்ளைய என்கூட அனுப்புவாளா?"

ஹாஜரா பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீட்டில் சாப்பிட்ட சோற்றை எல்லாம் கக்கிவிட்டுப் போகவேண்டும் போல முருகேஸ்வரிக்கு இருந்தது. "காலையில வாரேன்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேலைக்காரி வாயைத் திறக்காவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிற பழக்கம் அந்த வீட்டில் எப்போதும் உண்டு.

மறுநாள் காலை இருவரையும் வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். அங்கே, கறுப்பு வண்டியை இழுத்துக் கொண்டுவந்து போட்டிருந்த யார்டில் இன்சூரன்ஸ் சர்வேயர் காத்திருந்தார். பெயர் வெள்ளத்துரை, தலை நரைத்தவர், வெயிலில் நின்று நின்று எரிச்சலில் இருந்தார். வண்டியைச் சுற்றிவந்து படமெடுத்தார்.

"யாரு ஓட்டுனது?"

"டிரைவர்தான் சார். இந்தா, இவதான்" என்றான் தமீம். "பொம்பளையாச்சே, லாரியப் பாத்ததும் பதறிட்டா."

"ஆமா சார், நா பின்னாலதான் இருந்தேன்" என்றான் அஸ்லம், கிழிந்த உதட்டைத் தடவிக்கொண்டே.

சர்வேயர் அவளைப் பார்த்தார். முருகேஸ்வரி நெளிந்துபோன கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, ஓட்டுகிற சீட்டில் ஏறி, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பிரேக்குக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கவே முதுகு சீட்டை விட்டு எழ வேண்டியிருந்தது.

"நேத்து வாய்க்கால்ல விழுந்ததுலேருந்து யாரும் இந்த சீட்டத் தொடல சார்" என்றாள். "நா எப்படி ஓட்டிருப்பேன்னு நீங்களே சொல்லுங்க."

தமீமுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து வந்து கதவு வழியாகக் கையை விட்டு இரண்டாம் பட்டனை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். பேட்டரி நேற்றே செத்துவிட்டது. எத்தனை அமுக்கினாலும் சீட் அவன் அளவிலேயே நின்றது.

"அதுல என்னத்த அமுக்குதீங்க?" என்று கேட்டார் சர்வேயர். தமீம் கையை எடுத்தான். சர்வேயர் சீட்டையும் அவள் காலையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, தமீமிடம் அவன் லைசென்ஸைக் கேட்டார்.

அஸ்லம் இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றான். "எனக்கு சரியா ஞாபகம் இல்ல சார், நா போன் பாத்துட்டு இருந்தேன்" என்றான். ஷெட் பேரம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

தமீம் அவள் பின்னாலேயே கேட் வரை வந்தான். முகம் கறுத்திருந்தது. "நன்றி கெட்டவளே. இனி இந்த ஊருல நீ எப்படி ஸ்டியரிங்கத் தொடுறன்னு பாக்கேன்."

"பாருங்க காக்கா. எனக்கு எந்தப் பக்கம் ஓட்டணும்னு தெரியும்."

மடியிலிருந்து வெள்ளை வண்டியின் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நேத்து தப்பா சொல்லிட்டேன். வெள்ளை இல்ல, கறுப்புதான் ஒசத்தி. ஒங்க வீட்டுல பொய் சொல்லாதது அது ஒண்ணுதான்."

பதிலுக்கு நிற்காமல் சாலையைக் கடந்து, ஆறுமுகநேரி போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.