வெடிக்காத எலுமிச்சம்பழங்கள்

பூலாவ் இண்டா என்று இன்று பச்சைப் பலகையில் எழுதியிருக்கும் தீவை என் அம்மா இன்னமும் லூமுட் என்றுதான் சொல்கிறாள். மலாயில் பூலாவ் என்றால் தீவு, லூமுட் என்றால் பாசி, இண்டா என்றால் அழகு. அந்தப் பாசி அழகானதில் என் அம்மா ஆக்கிய சோற்றுக்கும் பங்கு உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

கிள்ளான் ஆறு கடலில் சேருகிற இடத்தில், போர்ட் கிள்ளானை ஒட்டிக் கிடக்கிறது அந்தத் தீவு. இன்றைக்குப் பாலம் இருக்கிறது. கண்டெய்னர் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நாள் முழுக்க ஓடுகின்றன. அன்றைக்குப் பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள், சேறு, நண்டு, கரையோரம் சில கம்பத்துக் கிராமங்கள், அவ்வளவுதான். துறைமுகம் கட்டச் சேற்றின் மேல் மண் கொட்டத் தொடங்கிய காலத்தில் அம்மாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. காலையில் சோற்றுப் பானையையும் சாம்பார் வாளியையும் படகில் ஏற்றிக்கொண்டு, அங்கே வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு விற்கப் போவாள்.

புது இயந்திரம் எது வந்து இறங்கினாலும், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நம் ஆட்கள் வேலை தொடங்குவார்கள். பழம் கொடுப்பது அம்மா. ஊறுகாய்க்கு வைத்திருந்ததில் நல்லதாகப் பொறுக்கிக் கொடுப்பாள். ஆனால் ஒன்றுகூட வெடிக்கவில்லை. மண் அவ்வளவு கொழகொழ. சக்கரம் ஏறினால் பழம் முழுசாகச் சேற்றுக்குள் இறங்கிவிடும். ஒருநாள் மண்வாரி ஒன்று சாய்ந்து பாதி புதைந்துபோனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்தச் சோத்துக்காரப் பொண்ணு பழம் ராசியில்லாத பழம்" என்று எவனோ கொளுத்திப்போட்டான். மறுநாள் பாதிப் பேர் அவளிடம் சாப்பிட வரவில்லை. மிஞ்சிய சாம்பாரை ஆற்றில் கொட்டிவிட்டு வந்தவள்தான், அதற்குப் பிறகு அந்தத் தீவில் கால் வைக்கவே இல்லை.

அவள் கால் வைக்காத தீவில் எனக்கு வேலை கிடைத்தது. யார்டில் டேலி கிளர்க். வருகிற கண்டெய்னர் நம்பரைச் சரிபார்த்து அனுப்பவேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி, எதிரே ரப்பர் சக்கரங்களில் நகர்கிற ராட்சதக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவனைப் பார்த்தால் வயிறு எரியும். கிரேன் ஓட்டும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள். கடைசிச் சோதனையில் தேறினால் மேலே போகலாம். தவறினால் திரும்ப அதே கூண்டு.

சோதனை நாள் காலையில் அம்மா எனக்குத் தெரியாமல் எங்கள் யார்டில் டயர் பார்க்கிற அண்ணனிடம் வேலையைக் காட்டியிருக்கிறாள். "நாலு பழம் தரேன் தம்பி, எம் மக ஏறுற கிரேனுக்கு நாலு மூலையிலயும் வெச்சிடு." நாங்கள் ஒரே தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். அம்மா சொன்னால் அந்த மனிதரால் தட்டவும் முடியாது.

சோதனையின் முதல் வேலை, கிரேனைச் சுற்றி வந்து பார்ப்பது. சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் கிடந்தால்கூடச் சொல்லவேண்டும். பார்க்காமல் ஏறினால் அங்கேயே தோல்வி. முதல் மூலையில் குனிந்தேன். மஞ்சளாக ஒன்று பளபளத்தது. எலுமிச்சம்பழம். யார் வேலை என்று ஒரு நொடியில் புரிந்துபோனது. கையால் தொட்டு எடுத்தால் அபசகுனம், எடுக்காவிட்டால் சோதனை காலி. மனதுக்குள் அம்மாவை நன்றாகத் திட்டிவிட்டுப் பழத்தை எடுத்தேன்.

சோதனை அதிகாரி மலாய்க்காரர், சிரிப்பையே பார்த்திராத முகம். "அது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"லீமாவ், என்சிக். என் அம்மா வெக்கச் சொல்லியிருக்கும்." எலுமிச்சைக்கு மலாயில் லீமாவ், என்சிக் என்றால் ஐயா.

அவர் அடுத்த மூலையைக் கைகாட்டினார். இரண்டாவது மூலையில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. நான்காவதில் காணோம். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, "சரி, ஏறு" என்றார்.

கால் படியில். ஆனால் ஏற மனம் வரவில்லை. எந்த ஊரிலாவது நம் ஆட்கள் மூன்று பழம் வைப்பார்களா? "இன்னொண்ணு இருக்கு, என்சிக்" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். "நான் பார்த்துட்டேன், அங்க எதுவும் இல்ல." நான் விடவில்லை. வெயிலில் கொதித்த சிமெண்டில் முட்டி போட்டு, ஹெல்மெட் தரையில் உரச, கையை உள்ளே விட்டுத் துழாவினேன். வெளிப்பக்கம் தண்ணீர் தேங்கியிருந்ததால் அந்த அண்ணன் உள்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். எடுத்து நீட்டினேன். அதிகாரி நான்காவது பழத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த முகம் முதல்முறையாகக் கொஞ்சம் அசைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம். கால்களுக்குக் கீழே கண்ணாடித் தரை, அதற்கும் கீழே லோரிகள், தூரத்தில் கப்பல், அதைத் தாண்டிப் பழுப்புத் தண்ணீர். கண்டெய்னரைத் தூக்கி, குறித்த இடத்தில் டங்கென்று சத்தம் வராமல் இறக்கினேன். கீழே வந்ததும் "லூலுஸ்" என்றார் அதிகாரி. பாஸ். துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதிக்கவும் செய்தேன்.

கேட்டுக்கு வெளியே வந்தால் அம்மா நிற்கிறாள். வாடகைக் கார் பிடித்துப் பாலம் தாண்டி வந்திருக்கிறாள். பட்டுச்சேலை வேறு.

"பாஸ் பண்ணிட்டேன்மா."

"அது நீ பண்ணுவேன்னு தெரியும்லா. பழம் வெடிச்சுச்சா?"

பையிலிருந்து நான்கையும் எடுத்துக் காட்டினேன், முழுசாக. அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "இந்த மண்ணுக்கு என் பழம் ஆகாதுடி" என்றாள். இத்தனை வருஷமாக அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்குக் கொளுத்திப்போட்டவன்மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் என் பழைய காரை எடுத்துவந்து அவள் முன்னால் நிறுத்தினேன். "இந்தா, நீயே வை." அம்மா குனிந்து நான்கு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு ஒதுங்கினாள். நான் கியரைப் போட்டேன்.

பட், பட் என்று வெடித்தது. சாறு தெறித்துப் பட்டுச்சேலை நனைந்தது. அம்மா நசுங்கிய தோல் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"பழத்துல ஒண்ணும் குத்தமில்லடி. மண்ணுதான் அப்போ பச்சப்புள்ளயா இருந்திருக்கு."